ஷெர்சர் என்றொரு மனிதர்

இந்த ஆண்டு மலருக்கு, மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். நான் சரி என்று சொல்வதற்குள் விஸ்வேஸ்வரய்யாவை ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். காமராஜரை இன்னொருவர். சர் சி.வி. ராமனும் போய்விட்டார். மிச்சம் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்தவர் வில்லியம் ஷெர்சர்.

யார் அது என்று புருவத்தை உயர்த்த வேண்டாம். ராமேஸ்வரம் போய்வந்த எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். பாம்பன் பாலத்தின் நடுவில் இரண்டாகப் பிரிந்து வானத்தைப் பார்த்து நிமிர்கிற அந்தப் பகுதிக்கு ஷெர்சர் தூக்குப்பாலம் என்றுதான் பெயர். ரயில்வேக்காரர்கள் ஷெர்சர் ஸ்பான் என்பார்கள். அதை ஏதோ கம்பெனி பெயர் என்றும், இரும்பில் ஒரு ரகம் என்றும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது ஒரு ஆளுடைய பெயர். முப்பத்தைந்து வயதில் செத்துப்போன ஒரு இன்ஜினீயருடைய பெயர். தன் பெயர் தாங்கிய பாலம் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை.

செங்கத்தில் உட்கார்ந்துகொண்டு கப்பலுக்கு வழிவிடும் பாலத்தைப் பற்றி எழுதுகிறானே என்று நீங்கள் சிரிப்பீர்கள். நியாயம்தான். நம் செய்யாற்றில் வருஷத்தில் பல மாதம் மணல்தான் கிடக்கும். ஜவ்வாது மலையில் நல்ல மழை பெய்தால் நாலு நாள் செந்தண்ணீர் ஓடும். இந்தப் பக்கத்துப் பாலங்களுக்கு இருக்கிற ஒரே கவலை வெள்ளம். வெள்ள மட்டத்துக்கு மேலே கட்டிவிட்டால் பொழுது விடிந்தது. கீழே மாடு போகும், மணல் வண்டி போகும், அவ்வளவுதானே?

கப்பல் போகிற தண்ணீரில் கதையே வேறு. கப்பலுக்குப் பாய்மரம் உண்டு, புகைபோக்கி உண்டு. அதற்கு மேலே பாலம் கட்டவேண்டுமென்றால் மலை உயரத்துக்குக் கட்டவேண்டும். அந்த உயரத்துக்கு ரயில் ஏறவேண்டுமானால் இரண்டு கரையிலும் மைல் கணக்கில் சரிவு வேண்டும். இடமும் பணமும் இல்லாதவன் என்ன செய்வான்? தாழ்வாகக் கட்டிவிட்டு, கப்பல் வரும்போது பாலத்தையே நகர்த்துவான். செங்கத்துக்கு ரயில் இல்லாவிட்டாலும் திருவண்ணாமலை ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறோம். ரயில் வந்தால் வண்டிகள் நிற்கின்றன. இங்கே கப்பல் வந்தால் ரோடே எழுந்து போகிறது.

இதை உலகம் ரொம்ப நாளாகச் செய்துகொண்டுதான் இருந்தது. நம் தேசத்திலேயே 1874-இல் ஹூக்ளி நதியில் ஹவுராவுக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே மிதவைப் பாலம் போட்டார்கள். கப்பல் வரும் நேரத்தில் நடுவில் சில மிதவைகளைக் கழற்றி ஒதுக்கி வழிவிடுவார்கள். அதுவரை ஜனங்கள் இரண்டு பக்கமும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஷெர்சர் செய்தது வழிவிடுவதைக் கண்டுபிடித்தது அல்ல. குறைந்த இடத்தில், குறைந்த பலத்தில், சீக்கிரமாக வழிவிடுவது எப்படி என்று கண்டுபிடித்தது.

1858-இல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பெரு என்ற சிறிய ஊரில் பிறந்தார். தென் அமெரிக்காவின் பெரு நாடு வேறு, இது வேறு. இது இல்லினாய் ஆற்றங்கரை ஊர். சிகாகோவிலிருந்து வெட்டிக்கொண்டு வந்த கப்பல் கால்வாய் 1848-இல் முடிந்தபோது அது ஆற்றில் வந்து சேர்ந்தது இந்த ஊர்ப் பக்கத்தில்தான். ஆக, படகும் சரக்கும் போகிற தண்ணீருக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை. மேல்படிப்புக்கு சுவிட்சர்லாந்து போனார். ஜூரிச் பாலிடெக்னிக்கில் சிவில் இன்ஜினீயரிங் படித்து 1880-இல் பட்டம் வாங்கினார். பதினாறு வருஷம் கழித்து ஐன்ஸ்டீன் வந்து சேர்ந்தது அதே கல்லூரிதான். அந்தக் கல்லூரியின் சந்திப்பு மலரில் ஐன்ஸ்டீனைப் பற்றி எழுத ஆள் நிறைய இருப்பார்கள், ஷெர்சரைப் பற்றி யார் எழுதுகிறார்களோ!

ஊர் திரும்பி இரும்புப் பால வேலையில் அனுபவம் சேர்த்துக்கொண்டு, கடைசியில் சிகாகோவில் சொந்தமாக இன்ஜினீயர் தொழில் செய்தார். இனிமேல் கதை அந்த ஊர் ஆற்றைச் சுற்றித்தான்.

சிகாகோ ஆறு பெரிய ஆறு ஒன்றும் இல்லை. அகலத்தில் நம் ஆறுகளிடம் நிற்காது. ஆனால் மரம், தானியம், நிலக்கரி என்று அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே நெரிசல் மிகுந்த துறைமுகங்களில் ஒன்று அந்தக் குறுகலான ஆற்றுக்குள் இருந்தது. ஊருக்கு நடுவே ஆறு ஓடுவதால் தெருவுக்குத் தெரு பாலம். எல்லாம் சுழல் பாலங்கள். ஆற்றின் நடுவில் ஒரு தூண், அதன் மேல் பாலம். கப்பல் வந்தால் பாலம் கடிகார முள் மாதிரி திரும்பி ஆற்றோடு நீளவாக்கில் நிற்கும். அந்த நடுத்தூண் இருக்கிறதே, அதுதான் கப்பல்காரர்களுக்கு எமன். சின்ன ஆற்றின் நட்ட நடுவில் கட்டையைப் போட்டு மறித்த மாதிரி. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக இடிப்பதும் உரசுவதும் அதிகமாயிற்று. பாலம் சுழல இடம் வேண்டுமே, அந்த அளவுக்குக் கரையில் கப்பல் கட்டவும் முடியாது.

1890-களின் ஆரம்பத்தில் மெட்ரோபாலிடன் கம்பெனி மேற்குச் சிகாகோவுக்கு உயர்பாதை ரயில் போட வந்தது. ஆற்றைத் தாண்ட நாலு தண்டவாளத்துக்கு ஒரு பாலம் வேண்டும். கிடைத்த இடமோ ஜாக்ஸன் தெருவுக்கும் வான் பியூரன் தெருவுக்கும் நடுவே ஒரு சந்து. இரண்டு பக்கமும் ஏற்கெனவே பாலங்கள். இன்னொரு சுழல் பாலம் போட்டால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் லண்டனில் தேம்ஸ் நதி மேல் டவர் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது, 1894-இல் திறந்தார்கள். அதிலே இரண்டு இறக்கைகள் அச்சில் மாட்டிய கதவு மாதிரி மேலே எழும். பின்பக்கத்து எடை கீழே இறங்குவதற்குத் தூணுக்குள்ளேயே பெரிய அறை கட்டவேண்டும். ராஜாங்கத்துப் பணம், பெரிய நதி, அங்கே அது நடக்கும். இந்தச் சந்துக்கு அது ஒத்துவராது. இந்தச் சிக்கலைத்தான் ஷெர்சரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அவர் யோசித்த யோசனையை நம் ஊர் ஆட்களுக்குச் சொல்ல இரண்டு சாமான் போதும். ஒன்று ஏற்றம். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கத் துலாவின் ஒரு முனையில் சால் தொங்கும். மறு பக்கம் ஒரு ஆள் முன்னும் பின்னும் நடப்பான். அவன் எடை சாலின் எடைக்குச் சரியாக நிற்பதால் தண்ணீர் தானாக வருகிற மாதிரி வரும். இரண்டாவது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை இல்லை, அதன் அண்ணன், அடி உருண்டையாக இருந்து சாய்த்தால் நிமிரும் ராஜா ராணி பொம்மை. அச்சு இல்லை, ஆணி இல்லை, உருண்டை அடி தரையில் உருள்கிறது, அவ்வளவுதான்.

ஷெர்சர் இரண்டையும் சேர்த்தார். பாலத்தின் பின்பாகத்தைச் சக்கரத்தில் கால்வாசி வெட்டியெடுத்த மாதிரி வளைவாகச் செய்தார். அந்த வளைவு தூணின் மேல் போட்ட தட்டையான இரும்புப் பாதையில் உருளும். வழுக்கிவிடாமல் இருக்கப் பாதையில் பற்கள், வளைவில் அதற்கேற்ற குழிகள். பாலத்தின் முன்பாகம் எவ்வளவு கனமோ அதற்குச் சமமான எடையைப் பின்னால் மேலே வைத்தார். இப்போது இறக்கையைப் பின்னால் இழுத்தால் அது ஆடும் நாற்காலி மாதிரி பின்னுக்குச் சாய்கிறது. சாயும்போதே கரைப் பக்கமாக உருண்டும் போய்விடுகிறது. இதிலேதான் சூட்சுமம். அச்சில் மாட்டிய கதவு இருந்த இடத்திலேயே நிமிரும். இதுவோ நிமிர்ந்துகொண்டே விலகும். அதனால் அதே நீளத்துக்குக் கப்பலுக்குக் கூடுதல் வழி கிடைக்கிறது. ஆற்றின் நடுவில் தூண் இல்லை, பக்கத்துப் பாலத்தோடு சண்டை இல்லை, தண்ணீருக்கு அடியில் அறை வெட்டும் செலவும் இல்லை. உருளும்போது உராய்வு கொஞ்சம்தான், எடையோ சமம். ஆகவே பெரிய இரும்பு மலையைச் சின்ன பலத்தால் அசைக்கலாம்.

இந்த வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். 1893 ஜூலையில் இறந்துபோனார். காப்புரிமை கைக்கு வந்தது அந்த டிசம்பரில். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அந்த வருஷம் சிகாகோ நமக்கெல்லாம் வேறொரு காரணத்துக்காகத் தெரிந்த ஊர். உலகக் கண்காட்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. ஷெர்சர் இறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் விவேகானந்தர் சிகாகோவில் கால் வைத்தார். செப்டம்பரில் சர்வமத சபையில் பேசினார். அவர் திரும்பி வந்து தாய்நாட்டு மண்ணில் இறங்கியது 1897 ஜனவரியில், ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வரவேற்க, பாம்பனில். சிகாகோவில் அந்த இளம் இன்ஜினீயர் விட்டுப்போன படமும் அதே பாம்பனுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு இன்னும் பதினேழு வருஷம் பிடித்தது.

நடுவில் அந்தப் படத்தைச் சுமந்தவர் அவருடைய தம்பி ஆல்பர்ட். அண்ணன் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார். 1895-இல் மெட்ரோபாலிடன் ரயில் பாலமும், பக்கத்திலேயே வான் பியூரன் தெருப் பாலமும் உபயோகத்துக்கு வந்தன. ரயில் பாலத்தை இரட்டைப் பாலமாகக் கட்டினார்கள். ஒன்றைப் பழுது பார்க்கும்போது மற்றதில் ரயில் ஓடலாம் அல்லவா? ஷெர்சர் ரோலிங் லிஃப்ட் பிரிட்ஜ் கம்பெனி என்று குடும்பப் பெயரிலேயே தம்பி தொழில் நடத்தினார், வடிவத்தில் திருத்தங்களும் செய்தார். போஸ்டனில் ஆறு தண்டவாளத்துக்கு மூன்று பாலம் பக்கம் பக்கமாக நின்றன. டப்ளினில் 1912-இல் கட்டினார்கள். இங்கிலாந்தில் ட்ரென்ட் நதி மேல் 1916-இல். தம்பி மட்டும் இல்லையென்றால் அண்ணன் காகிதம் சிகாகோவில் ஏதோ ஒரு அலமாரியில் கறையான் தின்றிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள், இங்கே தம்பி வந்தது படை முடிந்தபிறகு.

பெருமை மட்டும் பேசினால் பாலத்துக்காரனுக்கு அழகில்லை, குறையையும் சொல்லிவிடுகிறேன். இறக்கை உருளும்போது மொத்த எடையும் தூணின் மேல் இடம் மாறிக்கொண்டே போகிறது. கீழே பாறை இருந்தால் பாதகமில்லை. சிகாகோவில் இருப்பதோ களிமண். தூண்கள் உட்கார ஆரம்பித்தன, சாயவும் செய்தன. உருளும் இரும்பும் நாளாவட்டத்தில் தேயும். அதனால் அந்த நகரசபை இன்ஜினீயர்கள் 1902-லேயே மறுபடி அச்சில் சுழலும் ரகத்துக்குத் தாவி, அதில் தங்களுக்கென்று ஒரு வடிவம் செய்துகொண்டார்கள். பின்னால் கோல்டன் கேட் பாலத்தால் பேர் வாங்கிய ஜோசப் ஸ்ட்ராஸும் போட்டிக்கு ஒரு தூக்குப்பாலம் செய்து விற்றார். பிறந்த ஊரிலேயே ஷெர்சரின் சரக்குக்கு மவுசு குறைந்தது.

இனி பாம்பன். மண்டபத்துக்கும் ராமேஸ்வரம் தீவுக்கும் நடுவே இருக்கும் கடல் கால்வாய் பாக் ஜலசந்தியையும் மன்னார் வளைகுடாவையும் இணைக்கிறது. இந்த வழி இல்லையென்றால் சின்னக் கப்பல்கூட இலங்கையைச் சுற்றித்தான் வரவேண்டும். பெரிய கப்பலுக்கு இங்கே ஆழம் போதாது. ஆனால் கரையோரச் சரக்குக் கப்பல், மிதவை, மீன்பிடி விசைப்படகு, கடற்படையின் சிறு கலங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் வாசல். இலங்கை வரை ரயில் போடலாம் என்று வெள்ளைக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், செலவு தாங்கவில்லை. கடைசியில் பாம்பன் வரை பாலம், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று முடிவாயிற்று. 1911-இல் வேலை தொடங்கி 1914 பிப்ரவரி 24-இல் பாலம் திறந்தது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம், கடலுக்குள் 143 தூண். நடுவில் ஷெர்சர் இறக்கை இரண்டு. இறக்கைகளைச் செய்தது இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் கம்பெனி. போட் மெயில் என்று நம் தாத்தாக்கள் சொன்ன ரயில் இதன் மேல்தான் ஓடியது. தோட்டத் தொழிலாளி, வட்டிக் கடைக்காரர், வியாபாரி என்று கொழும்புக்குப் போன தமிழர்களில் எத்தனை பேரை அது சுமந்திருக்கும்!

நம் செட் மாணவர்களுக்குக் கடைசி வருஷ டூர் மறந்திருக்காது. மீட்டர் கேஜ் ரயில், ஜன்னலுக்குக் கீழே பலகைகூடத் தெரியாமல் நேரே கடல், ரயில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது, பாதிப் பேர் ராமா ராமா என்று கண்ணை மூடிக்கொண்டோம். மறுநாள் கரையில் நின்று பாலம் திறப்பதைப் பார்த்தோம். மோட்டார் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு செக்கு சுற்றுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்கள். அந்த இரும்பு அசைந்து, இடைவெளி விட்டு, மெதுவாக எழுந்து நின்றது. படகுகள் வரிசையாகப் புறப்பட்டன. கூட வந்த ஆசிரியர் காந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி பின்னால் சாய்ந்து காட்டித்தான் உருளும் தத்துவத்தை விளக்கினார். கைப்பலத்தால் முடிகிறது என்றால் எடை சரியாக நிற்கிறது என்று அர்த்தம், அவர் சொன்னதில் எனக்குத் தங்கிய பாடம் அது ஒன்றே. சிகாகோவில் மின்சாரத்தால் ஓட்டியதை நம் ஆட்கள் தோள்பலத்தால் ஓட்டினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலை இந்த மலரில் விவரிக்கத் தேவையில்லை. தனுஷ்கோடி போயிற்று, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் பயணிகளோடு போயிற்று. பாலத்தின் 120-க்கும் மேற்பட்ட கர்டர்களைக் கடல் பிடுங்கிக்கொண்டு போனது. அத்தனை போயும் நடுவில் ஷெர்சர் இறக்கைகள் மட்டும் நின்றன. பாலத்திலேயே அசையும்படி செய்த பாகம் எதுவோ அது அசையவில்லை. ரயில்வே அதிகாரி ஈ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. மீனவர்கள் கடலடியில் கிடந்த கர்டர்களைக் காட்டிக் கொடுக்க, அவற்றையே தூக்கிக் கொண்டுவந்து மாட்டி 46 நாளில் ரயிலை ஓடவிட்டார். பின்னால் கொங்கண் ரயில்வே, டில்லி மெட்ரோ என்று அவர் பேர் வாங்கியதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பக்கத்தில் சாலைப் பாலம் 1988-இல் வந்தது. அது உயரமாக வளைந்து போகிறது, கப்பல் அடியிலேயே போய்விடும், திறக்க வேண்டியதில்லை. 2007-இல் அகலப்பாதை ஆனபோது ஷெர்சர் இறக்கைகளைப் பலப்படுத்தி அதே இடத்தில் விட்டுவைத்தார்கள். மீட்டர் கேஜுக்குக் கட்டியது அகல ரயிலையும் சுமந்தது. ஆனால் உப்புக்காற்றுக்கு யாரும் தப்ப முடியாது. அரிப்பும் வயசும் சேர்ந்து 2018 கடைசியில் கொஞ்ச காலம் ரயில் நின்றது. 2022 டிசம்பரில் ஒரேயடியாக நின்றுவிட்டது. நூற்றெட்டு வருஷம். அவர் பூமியில் இருந்த காலத்தைப்போல மூன்று மடங்கு.

புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. இதில் இறக்கை இல்லை. 72 மீட்டர் நீளத் துண்டு ஒன்று லிஃப்ட் மாதிரி அப்படியே பதினேழு மீட்டர் நேராக மேலே எழுகிறது. எடை 660 டன். ஆட்கள் சுற்ற வேண்டாம், மோட்டார் பார்த்துக்கொள்ளும். அங்கேயும் இரண்டு கோபுரத்திலும் எதிர் எடை தொங்குகிறது, அது இல்லாமல் எந்த மோட்டாராலும் கட்டுப்படியாகாது.

சிகாகோவில் அவருடைய முதல் இரண்டு பாலங்களும் இப்போது இல்லை. வான் பியூரன் தெருவில் வேறு பாலம் நிற்கிறது, மெட்ரோபாலிடன் ரயில் பாதையையே எடுத்துவிட்டார்கள். பாம்பனில் புதிதாக வந்ததற்கு ஷெர்சர் மாதிரி ஆள் பெயர் எதுவும் இல்லை. பத்திரிகைகளில் அதையும் தூக்குப்பாலம் என்றே எழுதுகிறார்கள்.